தோல்வியோடு தொடங்கும் சீசன்: கல்லூரி மகளிர் சாக்கர் அணிக்குத் துணை நிற்க ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் கல்லூரி மகளிர் சாக்கர் (நம் ஊரில் கால்பந்து என்பது) சீசன் ஆகஸ்ட் நடுவிலேயே தொடங்கிவிடும். பல வளாகங்களில் அப்போது வகுப்புகளே ஆரம்பித்திருக்காது. புதிய மாணவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுதியில் வந்து இறங்குவதற்குள் அணி இரண்டு ஆட்டங்களை முடித்திருக்கும். அந்த இரண்டிலும் தோற்றிருந்தால், ‘இந்த வருஷம் நம்ம டீம் தேறாது’ என்ற பேச்சு பரவிவிடும். அணியில் யார் யார் ஆடுகிறார்கள் என்பது தெரிவதற்கு முன்பே இது நடக்கும். செப்டம்பர் வந்தால் அமெரிக்கன் ஃபுட்பால் தொடங்கும். வளாகத்தின் கவனம் மொத்தமாக அந்தப் பக்கம் போய்விடும்.

ஓர் அணிக்கு ஆதரவாளர்கள் தேவைப்படுவது இந்த நேரத்தில்தான். ஜெயிக்கும்போது கூட்டம் தானாக வரும். தோற்கும்போது வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான், அதனால் வீராங்கனைகளுக்கு அவர்களின் முகங்கள் தெரியும். எந்த வரிசையில் உட்காருவார்கள், எப்போது எழுந்து நிற்பார்கள் என்பதுகூடத் தெரியும். இந்த நாட்டுக்குப் புதிதாக வந்த மாணவர்கள், அணியில் மகளோ தோழியோ ஆடுபவர்கள், வளாகத்துக்குப் பக்கத்தில் குடிவந்த குடும்பங்கள் என எல்லாருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். சாக்கரைப் பற்றி ஒன்றுமே தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கிரிக்கெட்டை மட்டுமே பார்த்து வளர்ந்தவர்கள் பலர் இங்கே வந்து சாக்கரின் தீவிர ரசிகர்களாகியிருக்கிறார்கள்.

சீசன் எப்படி நகர்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பயப்படலாமா வேண்டாமா என்பதைக் காலண்டர்தான் சொல்லும். ஆகஸ்டிலும் செப்டம்பர் முற்பகுதியிலும் நடப்பவை கான்ஃபரன்ஸுக்கு வெளியே உள்ள அணிகளோடு ஆடும் ஆட்டங்கள். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் கடைசி வரை கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள். கான்ஃபரன்ஸ் என்பது பல்கலைக்கழகங்கள் சேர்ந்து வைத்திருக்கும் ஒரு போட்டிக் கூட்டமைப்பு. பிக் டென், எஸ்இசி, ஏசிசி என்று அடிக்கடி காதில் விழுமே, அவையெல்லாம் இவைதான். நவம்பர் தொடக்கத்தில் பெரும்பாலான கான்ஃபரன்ஸ்கள் தங்களுக்குள் ஒரு நாக் அவுட் தொடர் நடத்தும். அதற்குப் பிறகு, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் தேசிய அமைப்பான என்சிஏஏ நடத்தும், 64 அணிகள் ஆடும் தேசியத் தொடர். டிசம்பர் தொடக்கத்தில் கடைசி நான்கு அணிகள் மோதுவதைக் காலேஜ் கப் என்பார்கள்.

கான்ஃபரன்ஸில் சாம்பியனாகும் அணி தேசியத் தொடருக்கு நேரடியாகப் போய்விடும். ஆகஸ்டில் எத்தனை ஆட்டம் தோற்றது என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆகவே முதல் ஐந்து ஆட்டங்களில் ஒரு வெற்றிகூட இல்லாத அணிக்கும் நவம்பரில் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. ‘சீசன் போச்சு’ என்று செப்டம்பர் முதல் வாரத்தில் யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள். கான்ஃபரன்ஸ் பட்டியலில் அந்த அணி அப்போது ஓர் ஆட்டம்கூட ஆடியிருக்காது.

அணியின் கணக்கை 1-4-2 என்று எழுதியிருப்பார்கள். முதல் எண் வெற்றி, இரண்டாவது தோல்வி, மூன்றாவது டிரா. ஐரோப்பிய லீக்குகளைப் பார்த்துப் பழகியவர்கள் நடு எண்ணை டிரா என்று படித்துவிடுவார்கள். இங்கே டிரா கடைசியில் வரும். 2022-லிருந்து வழக்கமான சீசனில் கூடுதல் நேரம் கிடையாது, 90 நிமிடத்தில் சமனாக இருந்தால் ஆட்டம் சமனிலேயே முடியும். அதனால் டிராக்கள் இப்போது அதிகம். தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்த அணி பலமான அணியிடம் வாங்கும் 0-0 ஒரு நல்ல செய்தி. அதைத் தோல்வியோடு சேர்த்து எண்ணாதீர்கள்.

ஏன் தோற்கிறார்கள் என்று பாருங்கள்

ஆகஸ்ட் தொடக்கத்தில்தான் மொத்த அணியும் ஒன்றுகூடி முழுப் பயிற்சியைத் தொடங்கும். முதல் ஆட்டத்துக்கு அப்போது இரண்டு வாரம் இருந்தாலே பெரிது. போன வருடம் நடுவில் நின்று ஆட்டத்தை நடத்தியவர் பட்டம் வாங்கிப் போயிருப்பார். வேறு பல்கலைக்கழகத்திலிருந்து டிரான்ஸ்ஃபர் ஆகி வந்த மூன்று பேர், நேற்று வரை பள்ளியில் ஆடிய ஐந்து பேர் என்று வரிசையே புதிதாக இருக்கும். தற்காப்பில் நிற்கும் நான்கு பேர் ஒருவரை ஒருவர் பார்க்காமலே ஒரே கோட்டில் முன்னே பின்னே நகர வேண்டும். பேசிப் பழகி வர வேண்டிய விஷயம் அது, இரண்டு வாரத்தில் வராது. முதல் சில வாரங்களில் விழும் கோல்களில் பாதி, ‘நீ பிடிப்பாய் என்று நினைத்தேன்’ வகைதான்.

அடுத்து, எதிரணிகள். கோச்சுகள் தொடக்க ஆட்டங்களில் வேண்டுமென்றே பலமான அணிகளைத் தேர்ந்தெடுப்பது உண்டு. தேசியத் தொடருக்கு அணிகளைத் தேர்வு செய்யும் குழு பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் ஆர்பிஐ என்ற கணக்கில், நீங்கள் எத்தனை ஜெயித்தீர்கள் என்பதைவிட யாரோடு ஆடினீர்கள் என்பதற்கு எடை அதிகம். தேசியத் தரவரிசையில் உள்ள மூன்று அணிகளிடம் தலா ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றதும், பலவீனமான மூன்று அணிகளிடம் தோற்றதும் தாளில் ஒரே மாதிரி 0-3-0 என்றுதான் தெரியும். ஆகவே எதிரணிகள் போன வருடம் எப்படி ஆடினார்கள் என்று ஒரு தடவை தேடிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

காயங்களும் உண்டு. ஏசிஎல் எனப்படும் முழங்கால் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண் ஆட்டக்காரர்களுக்கு அதிகம் நேர்கிறது. திரும்பி வர ஒன்பது மாதமோ அதற்கு மேலோ ஆகும், அதாவது அந்த சீசனே போய்விடும். சில வருடங்களில் தேசிய இளையோர் அணி அழைப்பும் சேர்ந்துகொள்ளும். 2024-இல் 20 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கோப்பை ஆகஸ்ட் 31-இல் கொலம்பியாவில் தொடங்கியது. கல்லூரி அணிகள் சிலவற்றின் முக்கிய ஆட்டக்காரர்கள் அந்த நாட்களில் அங்கே இருந்தார்கள்.

இதையெல்லாம் சாக்கு என்று நினைக்காதீர்கள். மோசமாக ஆடித் தோற்கும் அணிகளும் இருக்கின்றன, கோச்சின் திட்டமே தப்பாக இருப்பதும் உண்டு. ஆனால் காரணம் தெரிந்த ஆதரவாளர் பொறுமையாக இருப்பார். தெரியாதவர் மூன்றாவது தோல்வியோடு காணாமல் போவார்.

ஸ்கோரைத் தாண்டிப் படிக்கப் பழகுங்கள்

ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் பல்கலைக்கழக விளையாட்டுத் துறையின் இணையப் பக்கத்தில் பாக்ஸ் ஸ்கோர் என்ற கணக்குப் பட்டியல் வரும். முதலில் பார்த்தால் எண் குப்பை மாதிரி இருக்கும். நான்கு வரி போதும்: ஷாட்ஸ் (கோல் போட அடித்தவை), ஷாட்ஸ் ஆன் கோல் (அவற்றில் தடுக்காவிட்டால் உள்ளே போயிருப்பவை), கார்னர் கிக் (களத்தின் மூலையிலிருந்து உதைப்பவை), சேவ்ஸ் (கோல்கீப்பர் தடுத்தவை).

0-1 என்று தோற்ற ஓர் ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஷாட்ஸ் நமக்கு 14, எதிரணிக்கு 6. கார்னர் நமக்கு 8, அவர்களுக்கு 2. பந்து பெரும்பாலும் எதிரணிப் பக்கமே இருந்திருக்கிறது என்று புரிகிறது. இப்போது ஷாட்ஸ் ஆன் கோலைப் பாருங்கள். 14-இல் குறி தவறாமல் கோலை நோக்கிப் போனது 3 மட்டுமே என்றால், இந்த அணிக்கு வாய்ப்பு உருவாக்கத் தெரிகிறது, முடிக்கத்தான் வரவில்லை. சீக்கிரம் சரியாகக்கூடிய நோய் இது. எண்கள் தலைகீழாக இருந்து, நம் கோல்கீப்பர் 9 சேவ் செய்தும் 0-1 என்றால் கதை வேறு. அன்று மைதானத்தில் ஒருத்திதான் அணியைத் தாங்கிப் பிடித்திருக்கிறாள். அவள் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள்.

கோல் எந்த நிமிடத்தில் விழுந்தது என்பதும் அங்கேயே இருக்கும். தொடர்ந்து 75-ஆவது நிமிடத்துக்குப் பிறகே கோல் வாங்குகிறார்கள் என்றால் பெரும்பாலும் களைப்பு. ஆகஸ்ட் வெயிலில், வியாழன் ஓர் ஆட்டம், ஞாயிறு ஓர் ஆட்டம் என்று ஆடும் அணிக்கு இது சகஜம். அக்டோபரில் குளிர் வந்ததும், உடல் பழகியதும் மாறக்கூடியது.

இப்படி நான்கைந்து ஆட்டம் பார்த்தபின் உங்களுக்கே ஒரு கண் வந்துவிடும். ‘இன்னிக்கும் தோத்துட்டாங்களா’ என்று கேட்கிற நண்பருக்கு, ‘தோத்தாங்க, ஆனா போன வாரத்தைவிட நடுக்களத்துல பந்து நல்லா நின்னுச்சு’ என்று பதில் சொல்வீர்கள். அந்த ஒரு வாக்கியத்துக்காக அடுத்த ஆட்டத்துக்கு அவரும் உங்களோடு வரலாம்.

மைதானத்துக்குப் போங்கள், அதே இடத்தில் உட்காருங்கள்

பல பல்கலைக்கழகங்களில் மாணவர் அட்டை இருந்தால் மகளிர் சாக்கருக்கு அனுமதி இலவசம். சில இடங்களில் எல்லாருக்குமே இலவசம். உள்ளே கொண்டுபோகும் பை கண்ணாடி மாதிரி உள்ளே தெரிவதாக இருக்க வேண்டும் என்ற விதி நிறைய இடங்களில் உண்டு. கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள், வாசலிலிருந்து திரும்பிக் காருக்கு நடப்பது எரிச்சல். ஆகஸ்ட் ஆட்டங்களுக்குத் தொப்பியும் தண்ணீரும், அக்டோபர் இரவு ஆட்டங்களுக்கு நல்ல ஜாக்கெட்டும் வேண்டும்.

அரை மணி முன்னதாகப் போங்கள். வார்ம் அப் பார்ப்பது வீண் நேரமில்லை. யார் முழங்காலில் பட்டை கட்டியிருக்கிறார்கள், யார் ஓரமாக சைக்கிள் மிதித்துக்கொண்டிருக்கிறார்கள், கோல்கீப்பர் இருவரில் யார் இன்று இறங்கப் போகிறார் என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். கையில் ஆட்டக்காரர் பட்டியல் இருந்தால் எண்ணையும் பெயரையும் பொருத்திப் பாருங்கள். முதல் நாள் நான்கு பெயர் போதும். பெயரை எப்படி உச்சரிக்கிறார்கள் என்று அறிவிப்பாளர் சொல்லும்போது காது கொடுங்கள். நம் பெயரை அமெரிக்கர்கள் சரியாகச் சொன்னால் நமக்கு எப்படி இருக்கிறது! அவர்களுக்கும் அப்படித்தான்.

கடிகாரம் 45-இலிருந்து கீழே இறங்கி வரும், பூஜ்யம் தொட்டால் பாதி முடிந்தது. உலகக் கோப்பையில் பார்க்கிற மாதிரி ரெஃபரி தன் கணக்கில் நிமிடம் கூட்டுவது இங்கே இல்லை. கோல், காயம் போன்றவற்றுக்குக் கடிகாரத்தையே நிறுத்திவிடுவார்கள். ஆட்டக்காரர்களை மாற்றுவதும் இங்கே தாராளம், வெளியே போனவர் இரண்டாம் பாதியில் திரும்ப வரலாம். ஆகவே உங்கள் தோழியை முப்பதாவது நிமிடத்தில் வெளியே அழைத்தால், ‘சரியா ஆடலை, தூக்கிட்டாங்க’ என்று முடிவு கட்டாதீர்கள். மூச்சு வாங்க உட்கார வைத்திருப்பார்கள்.

உட்கார நல்ல இடம் எது? மாணவர் பகுதி இருந்தால் அங்கே. இல்லையென்றால் இரண்டாம் பாதியில் நம் அணி எந்த கோலை நோக்கி ஆடுமோ அந்தப் பக்கம், அல்லது நம் பெஞ்சுக்குக் குரல் கேட்கும் தூரம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதையே வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். நூறு பேர்கூட இல்லாத மைதானத்தில் ஒரே மூலையில் பத்துப் பேர் சேர்ந்து உட்கார்ந்தால் அது கூட்டம். அந்தப் பத்துப் பேரே ஆளுக்கொரு மூலையில் சிதறி இருந்தால் பார்வையாளர் மேடை காலிதான்.

நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை: வாயில் வைத்து ஊதும் விசில் வேண்டவே வேண்டாம். ரெஃபரி ஊதினார் என்று நினைத்து ஆட்டக்காரர் ஒரு விநாடி நின்றுவிட்டால், அந்த விநாடியில் கோல் விழும். ஏர் ஹார்ன் போன்றவற்றையும் பல மைதானங்களில் உள்ளே விட மாட்டார்கள். கைதட்டலும் தொண்டையும் போதும்.

கோல் விழுந்த அடுத்த நிமிடம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இந்தப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

தொடர்ந்து தோற்றுவரும் அணி எழுபதாவது நிமிடத்தில் கோல் வாங்கும்போது மைதானத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். எதிரணி மூலைக்கொடிப் பக்கம் ஓடிக் கட்டிப்பிடித்துக்கொள்ளும். நம் கோல்கீப்பர் வலைக்குள் குனிந்து பந்தை எடுப்பார். தற்காப்பின் நடுவில் நிற்கும் சென்டர் பேக் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு தரையைப் பார்ப்பார். யாராவது ஒருத்தி, பெரும்பாலும் கேப்டன், பந்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு நடுக்கோட்டை நோக்கி நடக்க ஆரம்பிப்பார். வழியில் ஒவ்வொருவர் தோளிலும் தட்டுவார். இதெல்லாம் அரை நிமிடம்கூட இல்லை. அந்த நேரம் முழுக்க மேடை அமைதியாக இருக்கும். அந்த அமைதி ஆட்டக்காரர்களுக்குக் கேட்கும். பெரிய அரங்கில் ஆயிரக்கணக்கானோர் பேசும் இரைச்சலில் அது மறைந்துவிடும், சின்ன மைதானத்தில் மறையாது.

அந்த நேரத்தில் எழுந்து நின்று தட்டுங்கள். சென்டர் பேக்கின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். கோல்கீப்பரின் பெயரைச் சொல்லுங்கள். நீளமாக ஒன்றும் வேண்டாம், பெயரே போதும். நீங்கள் தொடங்கினால் பின்வரிசையில் இன்னும் நான்கு பேர் தட்டுவார்கள். பந்து நடுக்கோட்டுக்கு வந்து ஆட்டம் மறுபடி தொடங்கும் வரை நிறுத்தாதீர்கள். அதற்கடுத்த ஐந்து நிமிடம் ஆபத்தானது. கோல் வாங்கிய அணி குலைந்துபோய் இன்னொன்று வாங்குவது அப்போதுதான். அந்த ஐந்து நிமிடத்தில் நம் பக்கம் பந்தை வெட்டி வெளியே அடித்தாலும் கைதட்டுங்கள், த்ரோ கிடைத்தாலும் தட்டுங்கள்.

செய்யக் கூடாதவை: ‘ஷூட்’, ‘பாஸ்’ என்று கட்டளை போடுவது. பந்து காலில் இருக்கும் பெண்ணுக்கு ஏற்கெனவே பத்துப் பேர் கத்துவது கேட்கிறது. தவறு செய்தவர் பெயரைச் சலிப்போடு சொல்வதும் கூடாது. உங்கள் முன்வரிசையில் அவருடைய அம்மா உட்கார்ந்திருப்பார், இது மிகையில்லை. ரெஃபரியைத் திட்டுவதும் எதிரணிப் பெண்களைத் தனிப்பட்ட முறையில் கேலி செய்வதும் நம் அணிக்கு ஒரு கோலையும் கொண்டுவராது. அவர்களும் நாளை காலை வகுப்புக்குப் போகிற மாணவிகள்தான்.

ஆட்டம் முடிந்த பிறகு

தோற்ற ஆட்டத்தில் கடைசி விசில் வரை இருங்கள், அப்புறமும் ஐந்து நிமிடம் இருங்கள். இரண்டு அணிகளும் கைகுலுக்கிக்கொள்ளும், நம் அணி வட்டமாகக் கூடிப் பேசும். பிறகு பல அணிகள் மேடைப் பக்கம் வந்து கையசைக்கும். தோற்ற நாளில் அவர்கள் நிமிர்ந்து பார்க்கும்போது அங்கே ஆள் இருக்க வேண்டும்.

உங்களுக்குத் தெரிந்த பெண் என்றால் என்ன சொல்வது? ‘பரவாயில்லை, அடுத்த முறை பார்க்கலாம்’ என்பதை அவள் அன்று எல்லாரிடமும் கேட்டிருப்பாள். நீங்கள் பார்த்த ஒன்றைச் சொல்லுங்கள். ‘இரண்டாம் பாதியில் இடது ஓரத்தில் ஓடிவந்து அந்தப் பந்தை வெட்டினாயே, அது இல்லையென்றால் இரண்டாவது கோல்.’ இப்படி ஒன்று சொன்னால் நீங்கள் உண்மையிலேயே பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று தெரியும். அவளுக்குப் பேச விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள். வகுப்பில் கொடுத்த வேலையைப் பற்றிப் பேசுங்கள், வேறு எதைப் பற்றியாவது பேசுங்கள். ஆடாமல் பெஞ்சில் உட்கார்ந்தவளுக்கும் ஒரு வார்த்தை வேண்டும். பெரும்பாலான அணிகளில் 25-க்கு மேற்பட்டோர் இருக்கிறார்கள், களத்தில் 11 பேர்தான். தோற்கும் அணியில் ‘என்னை இறக்கியிருக்கலாமே’ என்ற எண்ணத்தோடு பாதிப் பேர் வீடு திரும்புகிறார்கள்.

சமூக ஊடகத்தில் அறிமுகமில்லாத ஆட்டக்காரருக்கு நேரடியாகச் செய்தி அனுப்பாதீர்கள், ஆறுதலாக இருந்தாலும். 2018-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு விளையாட்டுப் பந்தயம் மாநிலத்துக்கு மாநிலம் சட்டபூர்வமானது. பணம் தோற்றவர்கள் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேடிப் போய் வசைபாடுவது பெரிய தொல்லையாகிவிட்டது. அதனால் தெரியாத பெயரிலிருந்து வரும் செய்தியைத் திறக்கவே அவர்கள் தயங்குகிறார்கள். அணியின் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் எல்லாரும் பார்க்க ஒரு நல்ல வார்த்தை எழுதுங்கள். யாருக்கு என்ன காயம், யார் அடுத்த ஆட்டத்தில் இல்லை என்று தோழி வழியாகத் தெரிய வந்தால் அதை எங்கேயும் பகிராதீர்கள். பந்தயம் கட்டுபவர்களுக்கு அது காசு, அவளுக்கு அது சிக்கல்.

தோல்விகளுக்கு நடுவே ஒருத்தி சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் ஒதுங்குகிறாள் என்று தெரிந்தால் அதை ‘ஆட்டக் கவலை’ என்று ஒதுக்காதீர்கள். அவளிடமே கேளுங்கள். அணியினரின் காயங்களைக் கவனிக்கும் அத்லெடிக் டிரெய்னரிடமோ வளாகத்தின் ஆலோசனை மையத்திடமோ அழைத்துப் போங்கள். உயிருக்கு ஆபத்து என்ற ஐயம் துளி வந்தாலும் 988 என்ற எண்ணுக்கு அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். நாடு முழுக்க எந்நேரமும் இயங்கும் உதவி எண் அது.

அன்பளிப்பு கொடுக்கும் முன் கேளுங்கள்

வாடிப்போயிருக்கும் பிள்ளைகளை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட வேண்டும் என்று நமக்குத் தோன்றும். நல்ல எண்ணம்தான். ஆனால் என்சிஏஏ விதிகளின்படி, அணிக்கு நன்கொடை தந்தவர் போன்றோர் ‘பூஸ்டர்’ என்ற வகைக்குள் வருவார்கள். மற்ற மாணவர்களுக்குக் கிடைக்காத சலுகையை பூஸ்டர் ஓர் ஆட்டக்காரருக்குத் தந்தால், பாதிக்கப்படுவது ஆட்டக்காரர். ஆடும் தகுதியே சிக்கலாகலாம். 2021 ஜூலையிலிருந்து ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்பது உண்மை. அதற்கு ஒப்பந்தம், அறிவிப்பு என்று தனி வழி இருக்கிறது. பரிசுப் பொருளைக் கையில் திணிப்பது அந்த வழியில் வராது.

ஒவ்வொரு பல்கலைக்கழக விளையாட்டுத் துறையிலும், விதி மீறாமல் பார்த்துக்கொள்ளும் கம்ப்ளையன்ஸ் அலுவலகம் என்று ஒன்று உண்டு. விருந்தோ, ஊருக்குப் போக காரோ, பிறந்தநாள் பரிசோ, எதுவானாலும் அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். ‘செய்யலாம்’, ‘இப்படிச் செய்யலாம்’, ‘கூடாது’ என்று பதில் வரும். பணம் தர விரும்பினால் விளையாட்டுத் துறையின் நன்கொடைப் பக்கத்தில் மகளிர் சாக்கர் என்று குறிப்பிட்டுத் தர முடியுமா என்று பாருங்கள். குறிப்பிடாமல் தந்தால் பொது நிதிக்குப் போகும்.

மகள் ஆடுகிறாள் என்றால்

பெற்றோருக்குத்தான் இந்தக் காலம் மிகவும் கடினம். மகள் எத்தனை நிமிடம் ஆடினாள் என்று கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருப்போம். இளையோர் கிளப்புகளில் பலர் பின்பற்றும் ஒரு வழக்கம் இங்கேயும் உதவும். ஆட்டம் முடிந்து 24 மணி நேரம் ஆகும் வரை ஆட்டத்தைப் பற்றிக் குறை பேசுவதில்லை, மகளிடமும் சரி, கோச்சிடமும் சரி. கல்லூரியில் ஆடும் நேரத்தைப் பற்றிக் கோச்சிடம் பேச வேண்டியவள் மகள். அப்பா தொலைபேசியில் பேசினால் அவள் நிலைமை மோசமாகும். தினமும் தொலைபேசியில் கூப்பிடும் வழக்கம் இருந்தால் தொடருங்கள்; முதல் கேள்வி மட்டும் சாக்கராக இருக்க வேண்டாம்.

மற்றப் பெற்றோரோடு உட்காருங்கள். ‘கோச் மாறணும்’ என்ற பேச்சு அங்கே கிளம்பினால் ஊதிவிடாதீர்கள். அது ஒரே வாரத்தில் பிள்ளைகளின் அறை வரை போய்ச் சேரும்.

வெளியூர் ஆட்டங்கள்

நேரில் போக முடியாதபோது நேரலை இருக்கிறது. பல கான்ஃபரன்ஸ்களின் ஆட்டங்கள் ஈஎஸ்பிஎன் செயலியில் வரும், பிக் டென் ஆட்டங்கள் பல பிக் டென் பிளஸில். எந்த ஆட்டம் எங்கே என்பது அணியின் அட்டவணையிலேயே இருக்கும். மூன்று நான்கு பேர் சேர்ந்து விடுதிக் கூடத்தில் பார்த்தால் நல்லது.

2024-இல் கான்ஃபரன்ஸ்கள் கலைந்து கூடியதில் பயணம் நீண்டுவிட்டது. மேற்குக் கரையிலுள்ள ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் இப்போது அட்லாண்டிக் கரைப் பெயரைத் தாங்கிய ஏசிசியில் ஆடுகின்றன. லாஸ் ஏஞ்சலஸில் உள்ள யுசிஎல்ஏ, நடுமேற்கு மாநிலங்களை மையமாகக் கொண்ட பிக் டென்னில். வியாழன் இரவு மூன்று மணி நேர வித்தியாசமுள்ள ஊரில் தோற்றுவிட்டு, ஞாயிறு இன்னோர் ஊரில் ஆடிவிட்டு, திங்கள் காலை வகுப்பில் உட்காரும் பெண்ணிடம் குறிப்பேட்டைக் கொடுப்பதும் ஆதரவுதான். ஆசிரியர் அனுமதிக்கும் வரம்புக்குள் அதைச் செய்யுங்கள்.

கூட்டம் சேருங்கள்

ஒருவர் வருவதைவிட ஒரு வழக்கத்தை உண்டாக்குவது பெரிது. தமிழ் மாணவர் சங்கமோ இந்திய மாணவர் சங்கமோ இருந்தால், ‘ஞாயிறு மதியம் ஒரு மணி ஆட்டம், நுழைவாயிலில் சந்திப்போம்’ என்று ஒரு செய்தி போடுங்கள். ஜெயிக்கிறார்களா என்று யாராவது கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்: தோற்றுக்கொண்டிருக்கிறார்கள், அதனால்தான் கூப்பிடுகிறேன்.

பக்கத்தில் பெண் குழந்தைகள் இருந்தால் அவசியம் கூட்டி வாருங்கள். 1972-இல் டைட்டில் நைன் சட்டம் வந்து, அரசுப் பணம் பெறும் கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாடு தடை செய்யப்பட்ட பிறகுதான் இந்த அணிகளெல்லாம் உருவாகின. மகளிர் சாக்கருக்கான முதல் என்சிஏஏ கோப்பை 1982-இல்தான். அதை வென்ற வட கரோலினா பல்கலைக்கழகம் 2024-இல் தன் 22-ஆவது கோப்பையை வாங்கியது. 2024 ஆகஸ்டில் ஓய்வு பெறும் வரை அந்த அணியின் கோச்சாக இருந்த ஆன்சன் டோரன்ஸ்தான் 1991-இல் நடந்த முதல் மகளிர் உலகக் கோப்பையை வென்ற அமெரிக்க அணிக்கும் கோச். அந்த உலகக் கோப்பையில் ஆடிய மியா ஹாமும் வட கரோலினா அணியில் ஆடியவர். கல்லூரி மைதானத்திலிருந்து உலகக் கோப்பைக்குப் போன வழி அது. கம்பி வேலிக்குப் பக்கத்தில் நின்று வார்ம் அப் பார்க்கும் எட்டு வயதுப் பெண்ணுக்கு அணி 0-5-0 என்பது தெரியாது. பந்தை மார்பில் வாங்கிக் காலில் இறக்கும் அக்காவைத்தான் தெரியும். ஆட்டம் முடிந்ததும் கையெழுத்துக் கேட்டு அவள் நீட்டும் தாள், தோற்றுவிட்டு வரும் அந்த அக்காவின் முகத்தை எப்படி மாற்றுகிறது என்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதற்கு ஈடான ஆறுதல் பெரியவர்கள் யாராலும் தர முடியாது.

அக்டோபரிலும் அதற்குப் பிறகும்

கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள் தொடங்கியதும் பட்டியலைத் தனியாகப் பாருங்கள், அங்கே எல்லாரும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறார்கள். கான்ஃபரன்ஸ் தொடரில் எத்தனை அணிகளுக்கு இடம் என்று தெரிந்துகொண்டால், கடைசி இரண்டு வாரம் ஒவ்வொரு புள்ளிக்கும் அர்த்தம் இருக்கும். கடைசி உள்ளூர் ஆட்டங்களில் ஒன்றை சீனியர் டே என்று கொண்டாடுவார்கள். பட்டம் வாங்கிப் போகிறவர்கள் பெற்றோரோடு களத்துக்கு நடந்து வருவார்கள். அணி எந்த நிலையில் இருந்தாலும் அந்த ஆட்டத்தைத் தவறவிடாதீர்கள், அந்தச் சடங்கை ஆட்டத்துக்கு முன்பே நடத்தும் இடங்கள் அதிகம் என்பதால் சீக்கிரம் போங்கள்.

சீசன் முடிந்தாலும் அணி கலைந்துவிடுவதில்லை. வசந்த காலத்தில் பயிற்சியும் சில நட்பு ஆட்டங்களும் நடக்கும். கணக்கில் சேராத ஆட்டங்கள், விளம்பரமும் பெரிதாக இருக்காது, அணியின் சமூக ஊடகப் பக்கத்தில் முந்தின நாள்தான் நேரம் போடுவார்கள். ஏசிஎல் கிழிந்து ஒரு சீசன் முழுக்க ஓரத்தில் உட்கார்ந்த பெண் மறுபடி முதல் பத்து நிமிடம் ஆடிப் பார்ப்பது பெரும்பாலும் அப்படியொரு ஆட்டத்தில்தான். மார்ச் மாதத்திலிருந்து அந்தப் பக்கத்தை வாரம் ஒருமுறை பார்த்து வையுங்கள்.